மேற்கு மேட்டுப் பெட்டிகளை மீண்டும் திறப்பவர்களுக்கு

காலை பத்து நாற்பது. கைக்கடிகாரத்தைப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை வெயிலில் வேலை செய்யத் தடை, அதற்குள் எவ்வளவு வேலை முடியும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஜூன் கடைசி வாரம். அப்போதுதான் எங்கள் அகழாய்வு டைரக்டரின் போன் அடித்தது. எடுத்தவர் கூடாரத்தை விட்டு வெளியே போய் நின்று பேசினார். அந்த வெயிலில் ஒருவர் நிழலை விட்டுப் போய்ப் பேசினால் அது நல்ல செய்தியாக இருக்காது.

நீங்கள் இந்த வேலையில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. நான் விலகிப் பதினான்கு மாதம். நாம் சந்தித்ததில்லை. ஆனால் என் கையெழுத்தை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். ஷார்ஜா கிடங்கில் நீங்கள் ஒவ்வொன்றாகத் திறந்து, பானை ஓடுகளைத் திரும்ப ஆராய்ந்து, புதுச் சீட்டு ஒட்டும் பெட்டிகளில் இருக்கும் பழைய சீட்டுகள் நான் எழுதியவை. மேற்கு மேட்டுப் பெட்டிகளோடு அதற்கு முந்தைய தளங்களின் பெட்டிகளும் சேர்த்து மூன்று வருடப் பெட்டிகள். "இத்தனை வருஷ அனுபவம் இருக்கறவர் எழுதினதை ஏன் மறுபடி பார்க்கணும்?" என்று உங்களில் ஒருவர் கேட்டதாகவும், யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை என்றும் கேள்விப்பட்டேன். பதில் என்னிடம் இருக்கிறது. வேறு யாரும் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது அவசர அகழாய்வு. சாலையோ குடியிருப்போ வரப்போகிற இடத்தில் முன்னால் போய்த் தோண்டி, எடுக்க முடிந்ததை எடுத்து, எழுத முடிந்ததை எழுதிவிட்டு விலகிக்கொள்வது. அந்த இடம் வடக்கு எமிரேட்ஸ் கடற்கரையில், அலையாத்திச் செடிகள் நிற்கும் ஒரு கழிமுகத்தின் ஓரம். இரண்டு மேடுகள். கிழக்கு மேட்டில் கல்லறைகள். மேற்கு மேட்டில் நிறைய ஜாடி ஓடுகள். இரண்டாயிரம் வருடத்துக்கு முன் கப்பல் வந்த கரை அது.

ரோம் என்றவுடன் நீங்கள் கற்பாவிய தெருக்களையும் குளியல் மாளிகைகளையும் நினைப்பீர்கள். அவையெல்லாம் அவர்களுடைய மாகாணங்களில். இந்தக் கரை அந்த எல்லைக்கு வெளியே. ரோம் இங்கே ஊராக வரவில்லை, சரக்காக வந்தது. ஒரு கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பு, ஒரு காசு, ஒயின் ஜாடியின் உடைந்த கழுத்து. இருபத்திரண்டு வருடம் நான் பார்த்த ரோம் என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

முப்பது வயதில் ஜோர்டானில் ஒரு ரோமானிய மாகாண நகரத்தின் அகழாய்வில் எனக்கு இடம் கிடைத்தது. தூண்கள் வரிசையாக நிற்கும் தெரு, அங்காடி, நாடக அரங்கு, எல்லாம் இருக்கிற ஊர். கிளம்புவதற்கு ஒன்பது நாள் முன்பு என் மகள் யாழினி குறைமாதத்தில் பிறந்தாள். இன்குபேட்டரில் அவளைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, வர இயலாது என்று எழுதினேன். அதற்கப்புறம் இரண்டு முறை விண்ணப்பித்தேன். கிடைக்கவில்லை.

அந்த ஜூன் மாதத்துக்கு மூன்று வாரம் முன்பு, அதே நகரத்தின் அகழாய்வுக் குழுவிலிருந்து யாழினிக்குக் கடிதம் வந்தது. செப்டம்பரில் சேரச் சொல்லி. அவள் போனை நீட்டி, "அப்பா, படிங்க!" என்றாள். படித்தேன். சந்தோஷப்பட்டேன். அது பொய்யில்லை. ஆனால் சந்தோஷத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அன்றிரவு மனைவி பாயசம் வைத்தாள். இரண்டாவது முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

அவள் முதுகலை முடித்துவிட்டு, அங்கே போவதற்கு முன் அனுபவத்துக்காக எங்கள் தளத்தில் சேர்ந்திருந்தாள். நான்தான் டைரக்டரிடம் கேட்டுச் சேர்த்துவிட்டேன். தளத்தில் என்னை 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்றும் நான்தான் சொன்னேன். எங்கள் ஃபோர்மேன் சேகர் அறந்தாங்கிக்காரர். அவருக்கு அது தீராத வேடிக்கை.

"வீட்ல அப்பா, சைட்ல சார். வண்டியில வரும்போது என்ன பாப்பா? பாதி அப்பா, பாதி சாரா?"

"ஷார்ஜா பார்டர் வரைக்கும் அப்பா, அண்ணே. அதுக்கப்புறம் சார்."

"அப்ப பார்டர்ல நின்னு ஸ்டாம்பு வாங்கணும்னு சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும். அந்தப் பெண்ணுக்கு எல்லாம் எளிதாக வந்தது. ஓட்டின் குறுக்குவெட்டை ஒரே கோட்டில் வரைவாள். நான் மூன்று முறை அழித்துப் போடுவேன். பத்து நாளில் டைரக்டர், "இதை யாழினியிடம் காட்டுங்கள்" என்று சொல்ல ஆரம்பித்தார். முதல் முறை கேட்டபோது பெருமையாக இருந்தது. ஐந்தாவது முறை இல்லை. அதற்குள் எண்ணவும் ஆரம்பித்திருந்தேன். அதே நேரத்தில் அவள் தொப்பியில்லாமல் இரண்டு நிமிடம் நின்றால் குழிக்கு மேலிருந்து கத்துவேன். தண்ணீர் குடித்தாளா என்று பாட்டிலைத் தூக்கிப் பார்ப்பேன். ஒருவருக்காகப் பயந்துகொண்டே அவர்மேல் பொறாமையும் பட முடியும். அது எனக்கு ஐம்பத்து மூன்றாவது வயதில்தான் தெரிந்தது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அந்த நாளுக்கு மூன்று வருடம் முன்பு ஊர் முழுக்க வந்த காய்ச்சல் எனக்கும் வந்தது. மற்றவர்களுக்கு இரண்டு வாரத்தில் திரும்பிவந்த வாசனை எனக்குத் திரும்பவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் வேலையில் மூக்குக்கு வேலை குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. தேவைப்பட்ட இடத்தில் சேகரிடம், "என்ன வாசம் வருது பாருங்க" என்று பரீட்சை வைப்பதுபோலக் கேட்டுத் தப்பித்துக்கொண்டேன். வீட்டில் ஒருநாள் அடுப்பில் பால் பொங்கி, தீ அணைந்து, கேஸ் கசிந்துகொண்டிருக்க, நான் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். யாழினி ஓடிவந்து மூடினாள். "உங்களுக்கு ஸ்மெல் வரலையாப்பா?" என்றாள். சளி என்றேன். சில நொடி என்னையே பார்த்துவிட்டு ஜன்னல்களைத் திறந்தாள்.

பத்து நாற்பதுக்கு வருகிறேன்.

டைரக்டர் ஐரோப்பாவிலிருந்து வந்தவர், எங்கள் எல்லோருக்கும் 'டாக்டர்'. பேசுவது ஆங்கிலம். இங்கே தமிழில் எழுதுகிறேன். உள்ளே வந்தவரின் முகம் சிவந்திருந்தது.

"அடுத்த வியாழக்கிழமை ஒப்படைக்க வேண்டிய நிலத்தைக் கட்டுமானக்காரர்கள் இன்றே கேட்கிறார்கள். கேபிள் வேலையை முன்னால் தள்ளிவிட்டார்களாம். கெஞ்சியதில் ஒரு மேட்டை மட்டும் ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். மற்றதை விட்டுவிட வேண்டும். ஷவல் கிளம்பிவிட்டது. நான் நகரத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்." ஷவல் என்பது மண்ணை வாரித் தள்ளும் பெரிய இயந்திரம். ஒரு மேட்டை அது ஒரு பிற்பகலில் சமதரை ஆக்கிவிடும்.

பிறகு அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "கிழக்கில் இன்னும் இரண்டு கல்லறைகள் இருக்கலாம். மேற்கில் என்ன இருக்கிறது என்பது உங்கள் ஜாடிகளைப் பொறுத்தது. எங்கிருந்து வந்தவை? உறுதியாகச் சொல்லுங்கள். அரை மணி நேரம்."

விஷயம் இவ்வளவுதான். அந்த ஜாடிகளின் உட்புறம் கறுப்புப் பூச்சு இருந்தது. இராக் பக்கத்துச் சேமிப்பு ஜாடிகளுக்கு உள்ளே தார் பூசுவார்கள். அவை இந்தக் கரையில் எங்கே தோண்டினாலும் கிடைக்கும். அப்படியென்றால் மேற்கு மேடு ஒரு பழைய குப்பைக்குழி. ரோமானிய ஒயின் ஜாடிகளுக்கு உள்ளே பூசுவது பைன் மரத்துப் பிசின். இத்தாலியிலிருந்து வந்த ஜாடிகள் இத்தனை எண்ணிக்கையில் ஒரே இடத்தில் கிடைத்தால் அது குப்பை இல்லை. யாரோ சரக்கை இறக்கி வைத்த கட்டடம். அப்படி ஒன்றை எங்கள் குழு அந்தக் கரையில் அதுவரை பார்த்ததில்லை.

நான்கு மாதம் முன்பு முதல் பெட்டி வந்த அன்றே நான் சீட்டு எழுதிவிட்டேன்: 'இராக், சேமிப்பு ஜாடி, தார்ப் பூச்சு.' ஓடுகளின்மேல் உப்பு கட்டித்தட்டி, களிமண்ணின் நிறமே தெரியவில்லை. குறடு எடுத்து ஒரு ஓரத்தைப் புதிதாக உடைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஒரு நிமிட வேலை. செய்யவில்லை. முதல் பெட்டிக்கு எழுதியதையே இருபது பெட்டிக்கும் எழுதினேன். பெட்டிமேல் ஒரு சீட்டு ஒட்டிவிட்டால் அதற்கப்புறம் நாம் ஓட்டைப் பார்ப்பதில்லை, சீட்டைத்தான் பார்க்கிறோம். அதுவும் நாமே எழுதிய சீட்டாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

டாக்டர் மறுபடி போன் பேச வெளியே போனார். நான் பெட்டியிலிருந்து ஓர் ஓட்டை எடுத்தேன். யாழினி அதற்குள் குறடோடு நின்றாள்.

"சார், ஒரு ஃப்ரெஷ் பிரேக் பண்ணிடலாமா?"

"எனக்குத் தெரியும், வை."

"இல்ல, ஒரே ஒரு பீஸ்…" உடைத்தேவிட்டாள். உடைந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். செங்கல் நிறக் களிமண், அதில் பொடிப்பொடியாகக் கறுப்பு மினுக்கம். "கருமணல். எரிமலை மணல். அப்பா, இது பாண்டிச்சேரி மியூசியத்துல பார்த்தோமே, அரிக்கமேட்டு ஜாடி, அதே மாதிரி இருக்கு. நீங்கதானே காட்டினீங்க? நான் சிக்ஸ்த் படிக்கும்போது."

பதற்றத்தில் 'அப்பா' என்றுவிட்டாள். அதைக்கூட நான் கவனித்தேன். கருமணலைப் பார்த்தேன், இத்தாலியக் களிமண்ணின் அடையாளம். பார்த்தவுடனே எனக்கும் தெரிந்துவிட்டது என்று இன்று சொல்வேன். அன்று என்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை. "உப்பு ஊறின ஓட்டுல எல்லாம் மினுக்கும்" என்றேன்.

"அப்ப ஊசி டெஸ்ட் பண்ணலாம்."

டீ போடும் அடுப்பில் ஊசியைப் பழுக்கக் காய்ச்சி, கறுப்புப் பூச்சில் வைத்தாள். ஒரு நூல் புகை எழுந்தது. தாரா பிசினா என்பதை அந்தப் புகையின் வாசனை சொல்லிவிடும். சேகரும் இன்னும் இரண்டு பேரும் குனிந்தார்கள். நானும் குனிந்தேன். என் மூக்குக்குச் சூடு மட்டும் தெரிந்தது.

"தார்தான்" என்றேன்.



"என்னா சார் சொல்றீங்க?" சேகர் சிரித்துக்கொண்டே கேட்டார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார். "முசஃபால ஆறு வருஷம் பெயின்ட் கேரேஜ்ல கிடந்தவன் சார் நானு. இது தாரா? டர்பன்டைன் வாசம்ல அடிக்குது. கோயில்ல குங்கிலியம் போட்டா வருமே, அது."

"ரோட்டுல போடற தார் வேற, இது வேற சேகர். பழைய தார் இப்படித்தான் இருக்கும்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். யாழினி என்னைப் பார்த்தாள். கேஸை மூடிவிட்டு என்னைப் பார்த்தாளே, அதே பார்வை. இந்த முறை அவள் ஜன்னலைத் திறக்கப் போகவில்லை.

டாக்டர் உள்ளே வந்தார். "முடிவு?"

நான் அந்த இடத்தில் தடுமாறியிருக்கலாம். 'உறுதியில்லை' என்ற ஒரு வார்த்தை போதும். நமது தொழிலில் அதைச் சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் உறுதியில்லை என்றால் அடுத்த வார்த்தை, "யாழினி, நீ என்ன நினைக்கிறாய்?" என்றுதான் வரும். அது ஆறாவது முறையாக இருக்கும்.

"தார். இராக் ஜாடிகள். மேற்கை விட்டுவிடலாம்."

டாக்டர் யாழினியின் பக்கம் ஒரு கணம் திரும்பினார். அவள் வாயைத் திறக்கவில்லை. சேகரின் தமிழ் டாக்டருக்குப் புரியாது. அவர் கோப்பை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். மணி பதினொன்று பத்து.

அவள் பேசியிருக்கலாம். பேசியிருந்தால் அந்த நாள் அங்கேயே சரியாகியிருக்கும். மூக்கு போனதை மூன்று வருடம் மறைத்தவன் என்று எல்லோர் முன்னாலும் என் பெயர் போயிருக்கும். அதற்காகத்தான் அவள் பேசவில்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும். அப்போது என்ன நினைத்தேன் என்பதையும் எழுதுகிறேன், நம்பினால் நம்புங்கள். இதிலும் என்னைவிட உயர்ந்துவிட்டாளே என்று நினைத்தேன்.

கிழக்கு மேட்டுக்குப் போனோம். அவள் குழிக்குள் இறங்கிப் பேசாமல் வேலை செய்தாள். இடையில் ஒருமுறை மேலே ஏறிவந்து, தண்ணீர் குடித்துவிட்டு, போனில் ஏதோ தட்டிவிட்டு மறுபடி இறங்கினாள். தோழிக்கு எழுதுகிறாள், என்னைப் பற்றித்தான் எழுதுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு மணிக்கு ஷவல் வந்து இறங்கியது. ஓட்டுபவர் பதான் இனத்தவர், இங்கே நாங்கள் 'பட்டாணி' என்போம். மேற்கு மேட்டை விரலால் காட்டி, "யஹி?" என்றார். ஷவலைத் திருப்பி நேராக மேட்டைப் பார்த்து நிறுத்தினார். சேகர் நடந்துபோனார். அவருடைய இந்தி அறந்தாங்கியைத் தாண்டாது, ஆனால் நிற்காமல் பேசுவார்.

"பாய், டைம் தேக்கோ. பாரா முப்பதுக்கு மேல காம் மாஃபி. மதிய வெயில் தடை. போலீஸ் ஆயேகா, ஃபைன் ஆயேகா, தும்பி காலி, ஹம்பி காலி. தீன் பஜே வரைக்கும் கூடாரத்துல ஸோ ஜாவ்."

"தீன் பஜே?"

"தீன் பஜே. கலாஸ்."

பட்டாணிக்கு வெயிலில் வேலை செய்ய ஆசை ஒன்றும் இல்லை. எஞ்சினை அணைத்துவிட்டு வந்து எங்கள் பாயில் படுத்துக்கொண்டார். சேகர் திரும்பி வரும்போது என்னைப் பார்க்காமல், காற்றிடம் சொல்வதுபோல, "மூணு மணி வரைக்கும் பிடிச்சு வச்சிருக்கேன். அதுக்கு மேல என் கையில இல்ல" என்றார். அவர் எதைப் பிடித்து வைத்திருக்கிறார், யாருக்காக என்பது எனக்கு விளங்கிவிட்டது.

சாப்பிட உட்கார்ந்தோம். காலை ஐந்து மணிக்கு மனைவி கட்டிக்கொடுத்த டப்பாக்கள். எனக்கும் யாழினிக்கும் ஒரே சாப்பாடு, சாதமும் தேங்காய் அரைத்த முட்டைக்கோஸ் கூட்டும். அன்று ஐஸ் பெட்டி வண்டியோடு டாக்டருடன் போய்விட்டது. டப்பாக்கள் வெயிலிலேயே கிடந்தன. நான் யாரையும் பார்க்காமல் வேகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் போய்விட்டது. நிமிர்ந்தபோது யாழினி தன் டப்பாவைத் திறந்து கையில் வைத்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு வாய்கூட எடுக்கவில்லை. சேகர் கை கழுவுவதுபோல எழுந்து வெளியே போனார்.

"அப்பா" என்றாள். மெதுவாக என் டப்பாவை வாங்கி மூடினாள். "ஊசிப்போச்சுப்பா."

வேறு எதுவும் சொல்லவில்லை. தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினாள். நான் காலையிலிருந்து எத்தனை முறை அவளுக்கு அதைச் செய்திருப்பேன்!

"எப்பத்துலேர்ந்துப்பா?"

"மூணு வருஷம்."

"அம்மாவுக்கு?"

தலையை ஆட்டினேன், தெரியாது என்று.

"சரி. மொதல்ல தண்ணி குடிங்க."

உங்களிடம் இதையெல்லாம் மறைத்திருக்கலாம். ஆனால் ஒரு சாதாரண கூட்டு கெட்டுப்போனதை அறிய முடியாத ஆள் இரண்டாயிரம் வருடப் பிசினுக்கு வாசனைச் சான்று கொடுத்திருக்கிறான் என்பதை நான் ஒத்துக்கொண்டது அந்த டப்பாவைப் பார்த்த பிறகுதான். கருமணல் என்னை மாற்றவில்லை. சேகர் சொன்னது மாற்றவில்லை. மகள் பேசாமல் இருந்ததுகூட மாற்றவில்லை.

டாக்டரைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். கூட்டத்தில் இருப்பார். அல்லது ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருப்பார். எழுதினேன்: "நான் சொன்னது தவறு. ஜாடிகள் ரோமானியவை. எனக்கு மூன்று வருடமாக வாசனை தெரியாது, உங்களிடம் மறைத்துவிட்டேன். சரியாகக் கண்டுபிடித்தது யாழினி, நான்தான் அவளைப் பேசவிடவில்லை. மேற்கை விடாதீர்கள்." அனுப்பும்போது மணி ஒன்று பதினைந்து. ஒரே ஒரு டிக் விழுந்தது. அதற்குமேல் நகரவில்லை.

அடுத்த ஒன்றே முக்கால் மணி நேரத்தில் என்ன முடியுமோ செய்தோம். ஆட்களை வெயிலில் இறக்க முடியாது. சேகரின் ஆட்கள் இரண்டு தார்ப்பாய்களைக் கழற்றி மேற்கு மேட்டின்மேல் கம்பு நட்டு விரித்தார்கள். அந்த நிழலுக்குள் யாழினி ஒரு சதுரத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக் கரண்டியால் வழித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொல்வதை எழுதினேன். இரண்டு சாண் ஆழத்தில் ஒரு ஜாடியின் தோள் தெரிந்தது. முழு ஜாடி. அதை ஒட்டி இன்னொன்று. அதற்குப் பின்னால் கல் அடுக்கின் விளிம்பு. குப்பையில் ஜாடிகள் வரிசையாகச் சாய்ந்து நிற்பதில்லை.

"எழுதுங்கப்பா. ரெண்டு, மூணு… மூணாவது பாதிதான் தெரியுது."

அவசரத்தில் கிறுக்கினேன். எழுத்தைப் பார்த்து அவள், "சார், கையெழுத்து ரொம்ப மோசம்" என்றாள். அன்று முழுக்க அவள் சிரித்தது அப்போது மட்டும்தான்.

மூன்று மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது பட்டாணி எழுந்து சோம்பல் முறித்தார். எஞ்சின் உறுமியது. டாக்டரிடமிருந்து பதில் இல்லை. சட்டப்படி நிலம் எங்களுடையதா அவர்களுடையதா என்பதே எங்களுக்குத் தெரியாது. நான் யாழினியைக் குழியிலிருந்து மேலே வரச் சொன்னேன். வரமாட்டேன் என்றாள். "யாழினி, மேலே வா!" என்று கத்தினேன். அந்தக் குரலை அவளிடம் நான் அவளுடைய எட்டு வயதுக்குப் பிறகு பயன்படுத்தியதில்லை. அவள் ஏறிவந்து தார்ப்பாய்க்கு வெளியே நின்றாள். நான் இறங்கிப்போய் ஷவலின் முன்னால் நின்றேன். வீரம் ஒன்றும் இல்லை. அவள் அங்கே போய் நிற்பதற்கு முன் நான் நின்றுவிட வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

"அரே பாய், ஹட்டோ. மேரா டியூட்டி ஹை" என்று விலகச் சொன்னார் பட்டாணி. கோபமில்லை, சலிப்புதான். மண் வாரும் வாளியை உயர்த்தினார். ஒரு கை தூரத்தில் இரும்பின் சூடு முகத்தில் அடித்தது. சேகர் ஓடிவந்து என் பக்கத்தில் நின்றார். "ஏக் மினிட், பாய், ஏக் மினிட்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த ஒரு நிமிடம் ஏழு நிமிடமாக நீண்டது. அந்தச் சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கும். பதினான்கு மாதமாகிறது, வீட்டுக்கு வெளியே லாரி ரிவர்ஸ் எடுத்தால்கூட எழுந்து நின்றுவிடுகிறேன்.

அப்புறம் புழுதி தெரிந்தது. டாக்டரின் வெள்ளை வண்டி.

அவர் இறங்கி, முதலில் பட்டாணியிடம் ஒரு தாளைக் காட்டினார். அவர் படித்தாரோ இல்லையோ, முத்திரையைப் பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கினார். எஞ்சின் அணைந்தது. டாக்டர் மேட்டில் ஏறி, தார்ப்பாய்க்கு அடியில் குனிந்து, அந்த இரண்டரை ஜாடிகளையும் வெகுநேரம் பார்த்தார். யாழினியின் தலையில் தொப்பிமேல் கை வைத்து ஒருமுறை அழுத்தினார். பிறகுதான் என் பக்கம் வந்தார்.

"ஒரு வாரம் மேற்கைத் தோண்டலாம். கிழக்கை விட்டுக்கொடுக்கிறேன்" என்றார். "ஒரு மணிக்குக் கூட்ட அறை வாசலில் போனை வாங்கி வைத்துவிட்டார்கள், உங்கள் செய்தி வரும் வழியில்தான் எனக்குக் கிடைத்தது. ஆனால் அதற்கு முன்பே, எந்த மேடு என்ற கையெழுத்தை நிறுத்தி வைத்து, 'ஒரு மேடு' என்று மட்டும் தாள் வாங்கியிருந்தேன்."

"ஏன்?" என்றேன்.

அவர் போனை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். யாழினியின் செய்தி. பதினொன்று நாற்பதுக்கு, குழியிலிருந்து ஏறிவந்து தண்ணீர் குடித்தபோது அனுப்பியது. அதில் ஜாடியைப் பற்றி ஒன்றுமில்லை. கருமணல் இல்லை, பிசின் இல்லை, என் மூக்கு இல்லை. இரண்டே வரிகள்: 'தயவுசெய்து இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். அப்பா உங்களைக் கூப்பிடுவார்.'

"நான் அவர்களோடு மன்றாடிக்கொண்டு காத்திருந்தேன்" என்றார் டாக்டர். "அவளும் காத்திருந்தாள். நீங்கள் எழுதியது ஒன்று பதினைந்துக்கு. சொல்லுங்கள், அந்த ஒன்றரை மணி நேரம் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"